சபை நோன்பும் வீட்டு நோன்பும்

வதீ மஞ்சள் காமாலையில் அஸ்யூத் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவன் மனைவி அனீஸா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மலைமேல் இருக்கிற கன்னிமாதா மடத்துக்கு வெறுங்காலோடு ஏறிப் போனாள். மாதா படத்துக்கு முன்னால் நின்று, "தாயே, இந்த மனுஷன் எழுந்து வீட்டுக்கு வரட்டும். எங்க அடுப்புல இனிமே உசுரு வேகாது. வருஷம் பூரா பெரிய நோன்புச் சாப்பாடுதான்" என்று நேர்ந்துகொண்டாள்.

பிள்ளைகளே, நம்மில் நோன்பு பிடிக்காதவர் யார்? ஈஸ்டருக்கு முந்தைய பெரிய நோன்பு, கிறிஸ்துமஸ் நோன்பு, அப்போஸ்தலர் நோன்பு, மாதா நோன்பு, அது போக வாராவாரம் புதனும் வெள்ளியும். கூட்டிப் பார்த்தால் வருஷத்தில் பாதிக்குமேல் கறியும் முட்டையும் பாலும் இல்லாமல்தான் வாழ்கிறோம். அதனால் யாரும் செத்துப்போனதில்லை. ஆனால் அந்தப் பாதியை நாம் தாண்டுவது மற்றப் பாதியை நினைத்துக்கொண்டுதான். ஈஸ்டர் வந்தால் வாத்து அடுப்பில் ஏறும் என்ற நினைப்பு இருக்கிறதே, அதைத் தொட்டுக்கொண்டு எத்தனை நாள் வேண்டுமானாலும் மொச்சை தின்றுவிடலாம். அனீஸா அந்த மற்றப் பாதியைத்தான் மாதாவிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

வதீ எழுந்துவிட்டான். எங்கள் ஊர் மல்லாவிக்கு வீடு திரும்பிய அன்று, பார்க்க வந்தவர்கள் கூடத்தில் நிறைந்திருந்தார்கள். நான் எதிர்வீடு. எங்கள் சந்து எவ்வளவு அகலம் என்றால், அவள் வீட்டில் பூண்டு வதக்கினால் என் வீட்டில் தும்மல் வரும். நானும் போயிருந்தேன். எங்கள் கோயில் சாமியார் ஆபுனா ஸகாரியும் இருந்தார். நேர்ச்சையைப் பற்றிக் கேள்விப்பட்டதும் வதீ கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான்.

"பொழச்சு வந்தது நான். நோன்பு மட்டும் இவ பிடிக்கிறதா? ஒரே தட்டுல சாப்பிடுறவங்க நாங்க. ஒரே நோன்புதான் பிடிப்போம். ஆபுனா, நீங்க சாட்சி!"

அனீஸா முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவள் பெண் தெம்யானா அலெக்ஸாந்திரியாவில் வாழ்க்கைப்பட்டுப் போனபின் அந்த வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். அந்த இரண்டு பேரும் ஒரே கயிற்றில் தங்களைக் கட்டிக்கொண்டார்கள் என்று நாங்கள் எல்லாரும் நினைத்தோம்.

அதிலிருந்து அந்த அடுப்பில் மொச்சையும் பருப்பும் முலுக்கியாக் கீரையும்தான். அனீஸா சமையலில் கைக்காரி. திராட்சை இலையில் அரிசியும் புதினாவும் வைத்துச் சுருட்டினாள் என்றால் விரல்கூட அவ்வளவு ஒழுங்காக இருக்காது. கத்திரிக்காயைத் தணலில் சுட்டு, எள் அரைத்து ஊற்றிக் கலந்து வைத்தால் அந்தத் தட்டை ரொட்டியால் துடைத்துத் துடைத்து வெள்ளையாக்கிவிடலாம். வதீயும் துடைத்தான். துடைத்துவிட்டு, எதிர்வீட்டில் இருக்கிற எனக்கும் கேட்கிற மாதிரி, "கறியா? அதோட ருசியே எனக்கு மறந்துபோச்சு! ஆசைன்னு ஒண்ணு வந்தாத்தானே!" என்பான்.

பிள்ளைகளே, அவன் நன்றாகவும் இருந்தான். கால்வாய்க்கு அக்கரையில் உள்ள கிராமங்களில் வயல் பம்பு மோட்டார்களைப் பழுது பார்ப்பது அவன் தொழில். ஒரு மோட்டாரைத் தனியாகத் தூக்கி வண்டியில் வைப்பான். கன்னம் இரண்டும் மாதுளை. எங்கள் சந்தில் ஃபௌஸீயா என்று ஒருத்தி, வாயில் எப்போதும் உப்புப் போட்டு வறுத்த பூசணிவிதை. அவள் மாடி ஜன்னலில் சாய்ந்துகொண்டு கத்துவாள்:

"தெம்யானா அம்மா! உன் பருப்புல என்னதான் போட்டுக் கடையுற? என் வீட்டுக்காரருக்கு வாரத்துக்கு ரெண்டு தடவை கறி ஆக்கிப் போடுறேன், காஞ்ச மிளகா மாதிரி இருக்காரு. உன் ஆளப் பாரு, மொச்சை தின்னே எருமைக்கடா!"

"கண்ணு வைக்காதடீ!" என்று அனீஸா சிரித்துக்கொண்டே கண் கழிய மரக்கதவில் கையைத் தட்டுவாள். அவளுக்கு அதில் பெருமை.

ஆனால் அவளுக்கு ஆசை இருந்தது.

இதை அவள் அப்போது யாரிடமும் சொல்லவில்லை. பின்னால் என்னிடம் சொன்னாள். அந்த ஆசை பசி மாதிரி இல்லையாம். வயிறு நிறைந்திருக்கும்போதுதான் வருமாம். பக்ரீதுக்கு ஃபௌஸீயா வீட்டுக் கறிக்கஞ்சியில் பூண்டும் காடியும் விழுகிற சத்தம் கேட்கும்போது, அனீஸா துணியை நனைத்து ஜன்னல் இடுக்கில் அடைப்பாள். வாசம் துணியையும் தாண்டி வரும். ஃபௌஸீயா நல்ல மனுஷி. மற்ற வீடுகளுக்கெல்லாம் கறிப் பங்கு அனுப்புவாள், இவர்கள் வீட்டுக்கு மட்டும் மரியாதையாகப் பேரீச்சம்பழம் அனுப்புவாள். அனீஸா நன்றி சொல்லி வாங்கி வைத்துக்கொண்டு, அடுக்களையில் வெங்காயத்தைக் கருக வறுத்து, கண்ணை மூடி மெல்லுவாளாம். கறி ஓரத்தில் பிடிக்கிற கருகல் ருசி அதில் கொஞ்சம் இருக்கும் என்று.

அந்தச் சமயத்தில் வதீயைப் பார்ப்பாளாம். அவன் திண்டில் சாய்ந்து, பேரீச்சம்பழத்தைத் தின்று, கொட்டையைத் துப்பிக்கொண்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி இருப்பான். அவன் மூக்குக்கு அந்த வாசமே ஏறவில்லை என்று தோன்றும். இவளுக்குத் தன் நாக்கின்மேல் அருவருப்பு வரும்.

ஒருமுறை பாவசங்கீர்த்தனத்தில் ஆபுனாவிடம் சொல்லிவிட்டாள்.

"ஆபுனா, வாய் நோன்பு பிடிக்குது. மூக்கு பிடிக்க மாட்டேங்குது. கனவுலகூட எலும்பு சப்புறேன்."

ஆபுனா ஸகாரி நல்ல மனுஷர்தான். ஆனால் அன்றைக்கு அவருக்குப் பின்னால் இன்னும் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். "மகளே, சாத்தான் நாக்கு வழியாத்தான் ஏறுவான். உன் வீட்டுலயே உனக்கு ஒரு பாடம் உக்காந்திருக்கே! வதீயப் பாரு. நேர்ந்துக்கிட்டது நீ. அவரு உனக்காகப் பிடிக்கிறாரு. ஒரு முணுமுணுப்பு உண்டா?" என்றார்.

உண்மைதானே? அனீஸா வெட்கிப்போய் வீட்டுக்கு வந்தாள்.

பிறகு அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. மாடிப்படி ஏறினால் நடுவில் நின்று சுவரைப் பிடிப்பாள். உள்ளங்கை மாவு மாதிரி வெளுத்தது. முடி சீப்போடு வந்தது. "டாக்டர்ட்ட போடி" என்றால், "எதுக்கு பெரியம்மா? ரெண்டு பேரும் ஒரே தட்டுலதான் சாப்பிடுறோம். அவரு கடாவாட்டம் இருக்காரு. அப்ப கோளாறு சாப்பாட்டுல இல்ல, எங்கிட்ட இருக்கு" என்பாள். அவள் மனசில் நினைத்ததை அப்போது நான் அறியவில்லை: வாயால் மட்டும் நோன்பு பிடித்து மனசால் தின்றுகொண்டே இருக்கிறேன், அதனால்தான் மாதா என் உடம்பில் எதையும் ஒட்டவிடுவதில்லை.

ஈஸ்டர் கழிந்த மாதத்தில் ஒருநாள் சந்தில் மயங்கி விழுந்தாள். நானும் ஃபௌஸீயாவும் ஆட்டோவில் ஏற்றி டாக்டரம்மாவிடம் கொண்டுபோனோம். சின்ன வயசுப் பெண், நம் ஆள்தான், புறங்கையில் மணிக்கட்டுப் பக்கம் பச்சைச் சிலுவை குத்தியிருந்தாள். இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "அம்மா, உங்க ஒடம்புல இரும்புச்சத்தே இல்ல" என்றாள்.

"கறி தின்னச் சொல்லாதீங்க, டாக்டரம்மா. நேர்ச்சை."

"நான் சொல்லவே இல்லையே! மடத்துல எத்தனை பேரு கறி இல்லாமத் தொண்ணூறு வயசு வரைக்கும் இருக்காங்க. எங்கம்மாவும் அப்படித்தான். தின்னாம இருக்கலாம், ஆனா தின்னத் தெரிஞ்சு தின்னணும். சாப்பிட்ட கையோட கறுப்பு டீ குடிக்கிறீங்களா?"

"ரெண்டு கிளாஸ்."

"அத நிறுத்துங்க. பருப்புல, கீரைல எலுமிச்சம்பழம் நிறையப் புழிங்க. மாத்திரை எழுதுறேன்."

"மாத்திரை வேண்டாம்மா. எங்க வீட்டுக்காரரு இதே சாப்பாடு, இதே டீ. அவருக்கு ஒண்ணும் இல்லையே."

"ஒண்ணுமே இல்லையா?"

"பெரிய நோன்பு வந்தா மட்டும் கொஞ்சம் வாடிருவாரு. கன்னமெல்லாம் ஒட்டிக் கோவமாயிருப்பாரு. கிறிஸ்துமஸ் நோன்புலயும் அப்படித்தான். பண்டிகை முடிஞ்சு ஒரு மாசத்துல திரும்பப் பூத்திருவாரு. பக்திம்மா. அவ்வளவு நேரம் நின்னு ஜெபம் பண்ணுறாருல்ல!"

டாக்டரம்மாவின் பேனா நின்றது. "பெரிய நோன்புல உங்க வீட்டுச் சமையல் மாறுமா?"

"ஏன் மாறணும்? எங்க வீட்டுல வருஷம் பூரா பெரிய நோன்புதான்!" என்று அனீஸா நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாள்.

அந்தப் பெண் அவளைப் பார்த்தாள். பிறகு காகிதத்தைப் பார்த்தாள். "மாத்திரைய மறக்காம எடுத்துக்குங்கம்மா" என்றாள், ரொம்ப மெதுவாக.

திரும்பி வரும்போது அனீஸா கீரைக்கடை முன்னால் இறங்கிக்கொண்டாள். நான் கூடவே நின்றேன். முலுக்கியாக் கட்டைக் கையில் எடுத்தாள், இலையைத் திருப்பிப் பார்த்தாள், விலை கேட்கவில்லை. கீரைக்காரி, "என்னம்மா, கீரைக்கு வயசு பாக்குறீங்களா?" என்றாள். அனீஸா என் பக்கம் திரும்பினாள்.

"பெரியம்மா, சாப்பாடு மாறலன்னா அவரு ஏன் வாடுறாரு?"

அவள் கட்டைக் கீழே வைத்துவிட்டு நடந்தாள்.

அனீஸாவின் தங்கை எஸ்தர் கால்வாய்க்கு அக்கரையில் வாழ்கிறாள். அவள் வீட்டு மாடியில் வாத்துகள் உண்டு. அந்தப் பக்கத்தில் வாத்து வளர்க்க எஸ்தரை மிஞ்ச ஆள் இல்லை. வதீ வியாழக்கிழமைதோறும் அந்தப் பக்கம் வேலைக்குப் போவான். வரும்போது கொழுந்தியா வயலில் பறித்த பார்ஸ்லித் தழை ஒரு கட்டு கொண்டுவருவான், பாதியை வழியிலேயே மென்றுகொண்டு. அனீஸா அதை வாசம் பார்த்து, "என் தங்கச்சி கைப் பச்சை" என்று தண்ணீரில் போட்டு வைப்பாள்.

வியாழக்கிழமை அவள் போனாள். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. படகில் கால்வாயைத் தாண்டி, கரும்பு வயல் ஓரமாக நடுவில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கி, எஸ்தர் வீட்டு முற்றத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். கதவு திறந்துதான் கிடந்தது. உள்ளே வதீயின் குரல்.

"எங்க வீட்டுச் சமையல் என்னன்னு கேளு. காலைல மொச்சை. மத்தியானம் மொச்சையோட மச்சான். ராத்திரி மொச்சையோட சம்பந்தி வீட்டு ஆளுங்க மொத்தமும்!"

எஸ்தர் சிரிப்பை அடக்க முடியாமல், "அத்தான், பாவம் எங்கக்கா, அப்படிச் சொல்லாதீங்க! இந்தாங்க, கழுத்துக் கறி. உங்களுக்குன்னே எடுத்து வச்சேன்" என்றாள்.

"கழுத்துதான் வேணும். கல்லீரல் எங்க? பிள்ளைக தின்னுட்டாங்களா?"

அனீஸா வாசலில் நின்றாள். நடுவில் தாம்பாளம், அதில் கோதுமை அடைத்த வாத்து, தோல் பொன்னாக வெந்து, கொழுப்பு வழிந்து தட்டில் உறைந்துகொண்டிருந்தது. சுற்றி எஸ்தர், அவள் புருஷன் ஸவீரிஸ், பிள்ளைகள். வதீ முழங்கைவரை சட்டையை மடித்து உட்கார்ந்திருந்தான். அவனுக்கென்று தனியாக ஒரு திண்டு போட்டிருந்தது, அவன் உட்கார்ந்து உட்கார்ந்து அதில் பள்ளம் விழுந்திருந்தது.

முதலில் பார்த்தது ஸவீரிஸ். அவனுக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. வந்தவர்களை அழைக்கிற வழக்கம் நாக்கிலேயே இருக்கிறதே. "வாங்க மதினி, வாங்க, ஒரு வாய் சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டான். சொன்னபிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

பிள்ளைகளே, அவள் எனக்குச் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "அந்த நேரத்துலயும் என் வாயில எச்சில் ஊறுச்சு, பெரியம்மா. என் நெஞ்சு வெடிக்குது, வாய் மட்டும் அந்த வாத்தப் பாத்து ஊறுது. அவன் தின்னதவிட அதுதான் எனக்கு அசிங்கமா இருந்துச்சு."

எஸ்தர் எழுந்து ஓடிவந்தாள். "அக்கா, நீ எதுக்கு இவ்வளவு தூரம் இந்த ஒடம்போட... ஒக்காரு. ஏன் இப்படிப் பாக்குற? ஒனக்குத் தெரியும்னுதான் நெனச்சேன். தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருக்கன்னு."

"எனக்கு எப்படித் தெரியும்?"

"ஆஸ்பத்திரிலேர்ந்து வந்தப்ப குச்சியாட்டம் இருந்தாரேக்கா! நீ யாரு பேச்சையும் கேக்க மாட்ட. உன் புருஷன உனக்கே காப்பாத்திக் குடுத்தேன்னு வச்சுக்கயேன். என்ன தப்பு?"

"மாதா காப்பாத்தலையா? உன் வாத்து காப்பாத்துச்சா?"

அனீஸா புருஷன் பக்கம் திரும்பினாள். அத்தனை வருஷமாக அவனை 'நீங்க' என்றுதான் சொல்லிவந்தாள்.

"நீ ஆசையே வரலன்னு சொன்னியே."

வதீ விரல்களைத் துடைக்கத் துணி தேடினான். கிடைக்காமல் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே, பாதிச் சிரிப்போடு, "வரலதான். வர்றதுக்குள்ள தின்னுடுவேன்ல" என்றான். யாரும் சிரிக்கவில்லை. அவன் சிரிப்பு முகத்தில் நின்ற இடத்திலேயே காய்ந்தது.

"இங்க பாரு அனீஸா, கோவப்படாத. நான் சத்தியமாச் சொல்றேன். பெரிய நோன்புல ஒரு நாள் தொட்டதில்ல. கிறிஸ்துமஸ் நோன்பு, மாதா நோன்பு, புதன், வெள்ளி, எதுலயும் ஒரு துண்டு வாயில வச்சதில்ல. எஸ்தரக் கேளு. ஸவீரிஸக் கேளு. சபை நோன்ப நான் ஒடைக்கவே இல்ல!"

"அப்ப எத ஒடைச்ச?"

அவன் மடித்திருந்த சட்டைக் கையை இறக்கிவிட்டான்.

"சொல்லு. எத ஒடைச்ச?"

"உன்னோடதத்தான்..." என்றான் வதீ, தாம்பாளத்தைப் பார்த்துக்கொண்டு. "அது வீட்டு நோன்புதானே. நம்ம ரெண்டு பேருக்குள்ளதானே."

"ஆபுனாகிட்டச் சொன்னியா?"

"வியாழக்கிழமை கறி தின்னா அது பாவமா என்ன, போய்ச் சொல்றதுக்கு?"

அனீஸா அங்கே உட்காரவில்லை. தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. எஸ்தர் அவள் கையைப் பிடித்து இழுத்தாள், அழுதாள், பிள்ளைகள் அழுதார்கள். ஸவீரிஸ் வண்டியில் கொண்டுவிடுகிறேன் என்றான். அவள் நடந்தே படகுத்துறைக்கு வந்தாள். வதீ கொஞ்சம் தள்ளிப் பின்னாலேயே வந்தான். படகில் அவன் இந்த ஓரம், அவள் அந்த ஓரம். அவன் கையில், வாயில் கறி வாசம் போகப் பழக்கத்தில் பறித்த பார்ஸ்லிக் கட்டு இருந்தது. நடுவழியில் அதைப் பார்த்துவிட்டு, தண்ணீரில் போட்டான்.

அன்று சாயங்காலம் அவள் என் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லிவிட்டுக் கேட்டாள்:

"பெரியம்மா, ஃபௌஸீயாவுக்குத் தெரியுமா?"

"எனக்குத் தெரியலடி."

"'உன் பருப்புல என்ன போடுற'ன்னு கேப்பாளே. தெரிஞ்சு கேட்டாளா, தெரியாமக் கேட்டாளா? படகுக்காரனுக்குத் தெரிஞ்சிருக்கும். எஸ்தர் வீட்டுப் பிள்ளைக வாய் சும்மா இருந்திருக்காது. நீங்க?"

"மாதா சத்தியமா எனக்குத் தெரியாது."

என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். நம்பினாள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அதற்குப்பிறகு சந்தில் யார் எதைச் சொல்லிப் புகழ்ந்தாலும், அதைத் திருப்பிப் போட்டு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கிற பார்வை அவளுக்கு வந்துவிட்டது. இத்தனை வருஷமாகக் கேட்ட ஒவ்வொரு நல்ல வார்த்தையையும் அவள் மறுபடி எடுத்து முகர்ந்து பார்த்தாள். கெட்டுப்போனது எது, நல்லது எது என்று அவளால் பிரிக்க முடியவில்லை.

சனிக்கிழமை சாயங்கால ஜெபத்துக்கு முன்னால் கோயிலுக்குப் போனாள். என்னையும் துணைக்கு அழைத்தாள், வழியில் விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில். ஆபுனா ஸகாரி தூபக்கலசத்துக்குக் கரி ஊதிக்கொண்டிருந்தார். அவள் மறைக்காமல், என் முன்னாலேயே, எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கரியைக் கீழே வைத்துவிட்டார்.

"மகளே, நானும் ஏமாந்தேன்."

"நீங்க ஏமாந்தது கோயில்ல, ஆபுனா. நான் ஏமாந்தது சாப்பாட்டுத் தட்டுல. ஒரே ரொட்டியப் பிச்சு, ஒரே உப்புல தொட்டுத் தின்னுருக்கோம்."

ஆபுனா தாடியைத் தடவினார். "உன் ஒடம்பு இந்த நெலமைல இருக்கு. எனக்கு அதிகாரம் இருக்கு, நேர்ச்சைய அவுத்துவிடுறேன். ஏழைகளுக்குச் சோறு போடு, அதுக்குப் பதிலா. உனக்கும் அவருக்கும் சேத்தே அவுத்துவிடுறேன். நாளைக்கே கறி சாப்பிடு, ஒரு பாவமும் இல்ல."

அனீஸா யோசித்தாள். அவள் எச்சில் விழுங்கியதை நான் பார்த்தேன். ஆசை இல்லாத மனுஷி இல்லை அவள், இதை மறந்துவிடாதீர்கள்.

"அவர மட்டும் அவுத்துவிடுங்க, ஆபுனா. அவரு கட்டுப்பட்டதே இல்ல, இருந்தாலும் அவுத்துவிடுங்க. என்னோடது இருக்கட்டும்."

"பிடிவாதமா, மகளே?"

"இல்ல. நான் நேர்ந்துக்கிட்டது மாதாகிட்ட. அவங்க எனக்குத் தப்பு ஒண்ணும் செய்யல. ஒண்ணு மட்டும் கேக்கணும். ஆசை வர்றது பாவமா?"

"ஆசை வர்றது பாவம் இல்ல."

"அன்னைக்கு நான் அதத்தான் கேட்டேன். நீங்க அவரப் பாருன்னீங்க."

ஆபுனாவின் முகம் சிவந்தது. அவர் எழுந்து, தான் பெரியவர் என்றும் பாராமல், எங்கள் இருவர் முன்னாலும் தலையைத் தாழ்த்தி, "மன்னிச்சுக்க" என்றார். அவள் அவர் கையை முத்தமிட்டாள், வழக்கம்போல. ஆனால் அதில் முன்னிருந்த சூடு இல்லை. அதுவும் எனக்குத் தெரிந்தது.

வீட்டில் வதீ அவளாகக் கேட்காமலே பருப்பு வேகவைத்து, அடிப்பிடிக்கவிட்டு, தாம்பாளத்தில் கொட்டி வைத்துக் காத்துக்கொண்டிருந்தான். "இன்னிக்கிலேர்ந்து நெசமாவே, அனீஸா. மாதா மேல சத்தியம். சபை நோன்பு, வீட்டு நோன்பு எல்லாம் எனக்கு இனிமே ஒண்ணுதான்" என்றான்.

அவள் அலமாரியிலிருந்து ஒரு சின்னத் தட்டை எடுத்தாள். தாம்பாளத்திலிருந்து தனக்கு வேண்டியதை அதில் எடுத்துக்கொண்டாள். அடுக்களை வாசலில் போய் உட்கார்ந்து தின்றாள். நம் ஊரில் புருஷன் பெண்சாதி தனித்தனித் தட்டில் சாப்பிட்டால் அந்த வீட்டில் சாவு நடந்திருக்க வேண்டும், இல்லை வழக்கு நடக்க வேண்டும். வதீ அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் மாத்திரையை எடுத்துக்கொண்டாள். டீயை நிறுத்தினாள். நிறுத்த முடியாமல் ஒரு வாரம் தலையைக் கட்டிக்கொண்டு படுத்தாள், பிறகு நிறுத்தினாள். எலுமிச்சம்பழம் பிழிந்து பிழிந்து விரல் வெடித்தது. பேரீச்சம்பழம் அறுக்கிற பருவம் வருவதற்குள் உள்ளங்கையில் நிறம் வந்துவிட்டது. மாடிப்படியை மூச்சு வாங்காமல் ஏறினாள். கறி இல்லாமலே ஏறினாள். எஸ்தர் இரண்டு தடவை வந்து கதவைத் தட்டினாள். ஒரு தடவை திறந்தாள், தண்ணீர் கொடுத்தாள், பேசவில்லை.

இன்னொன்றும் நடந்தது. ஆசையை அவள் மறைப்பதை விட்டுவிட்டாள். "பெரியம்மா, இன்னிக்குக் காலைலேர்ந்து எனக்கு வறுத்த ஈரல் மேலயே நெனப்பு" என்று, பல்வலி என்று சொல்கிற மாதிரி என்னிடம் சொல்வாள். நான், "இருக்கட்டும்டி, போயிரும்" என்பேன். சொன்னால் கொஞ்சம் குறைகிறது என்றாள். போய்விடுகிறது என்று அவள் ஒருநாளும் சொல்லவில்லை.

வதீ சொன்னபடி நிஜமாகவே இருந்தான். இதையும் சொல்லத்தானே வேண்டும்? வியாழக்கிழமைகளில் அக்கரைக்குப் போவதை விட்டான். ஆபுனா அவிழ்த்துவிட்டும் அவன் கறியைத் தொடவில்லை. கன்னம் வற்றியது. சும்மா சும்மா கோபம் வந்தது. பண்டிகை ஒன்றும் இல்லாத ஒரு வியாழக்கிழமை, வெயில் சாய்கிற நேரம், ஃபௌஸீயா வீட்டில் எதையோ நெய்யில் போட்டாள். சந்து முழுக்க வாசம். வதீ ரொட்டியைக் கையில் எடுத்தவன் அதை அப்படியே கீழே வைத்தான். எதிரே ஜன்னலில் நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன், பார்த்தேன். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. பெரிய ஆள், மோட்டார் தூக்குகிறவன்.

"அனீஸா" என்றான். "உனக்கும் இப்படித்தான் இருந்துச்சா? இத்தன வருஷமுமா? எப்படித் தாங்குன?"

அவள் தட்டோடு அடுக்களை வாசலில் இருந்தாள். அவனைப் பார்த்தாள். அந்தக் கேள்விக்காக எத்தனை காலம் அவள் தவித்திருப்பாள்! நனைத்த துணியை ஜன்னலில் அடைத்த அன்றைக்கு அவன் கேட்டிருந்தால், கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து விடியவிடியச் சொல்லியிருப்பாள். கருக வறுத்த வெங்காயத்தில் பாதியை அவனுக்குக் கொடுத்திருப்பாள். இரண்டு பேரும் சிரித்திருப்பார்கள்.

அவள் எழுந்தாள். தட்டை எடுத்துக்கொண்டாள். சந்தைத் தாண்டி என் வீட்டுக்கு வந்து, என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தாள்.

"ஃபௌஸீயா கொத்தமல்லிய இன்னிக்குத் தூக்கலாப் போட்டுட்டா. வாசம் வருதா, பெரியம்மா?"

"வருதுடி."

"எனக்கு நாக்குல தண்ணி நிக்குது" என்று சொல்லி, ரொட்டியைப் பிய்த்துக் கீரையில் தோய்த்தாள். எதிர் ஜன்னலில் வதீ வந்து நின்றான். அவள் அந்தப் பக்கம் முதுகைத் திருப்பி உட்கார்ந்து, நிதானமாக, தட்டு காலியாகும்வரை சாப்பிட்டாள்.